களையெடுக்கும் யந்திரமும் கார்புரேட்டரும்

சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடுகையில், களையெடுக்கும் யந்திரத்தின் பழுதுபார்ப்புச் சீட்டுகளில் ‘புதுக் கார்புரேட்டர்’ என்ற வரி அடிக்கடி தென்படுகிறது. அவற்றுட் பல வீண் செலவென்பதே என் கருத்து. மரவள்ளிக்கு முதல் மூன்று மாதங்களே களை நீக்க முக்கியமான காலம். அச்சமயம் வாடகை யந்திரம் பட்டறையில் ஒரு வாரம் கிடந்தால், நஷ்டம் சீட்டுத் தொகையோடு நில்லாது. அம்மாபேட்டைத் தறிக்கூடங்களில் மின்சாரம் நின்றபோது ஓட்டும் சிறு பெட்ரோல் ஜெனரேட்டரிலும் கார்புரேட்டரின் அமைப்பு ஏறத்தாழ இதுவே. ஆதலின் நெசவாள அங்கத்தினரும் இதனைக் கவனிப்பாராக.

கயிற்றைப் பன்முறை இழுத்தும் யந்திரம் கிளம்பாவிடில், முதலிற் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவேண்டும். முனை நனைந்திருந்தால் பெட்ரோல் வந்துள்ளது. குறை தீப்பொறியிலோ, பெட்ரோல் மிகுந்துபோனதிலோ இருக்கலாம். உலர்ந்திருந்தால் பெட்ரோல் உட்சேரவில்லை. யந்திரம் ஆறியபின், நெருப்பு அண்டாத திறந்த வெளியில், கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயைக் கழற்றி, ஒரு பாத்திரத்திற் பிடித்து, பெட்ரோல் திருகைத் திறவுங்கள். தாராளமாய் ஓடினால் குற்றம் கார்புரேட்டரில். சொட்டுச் சொட்டாய் விழுந்தால் திருகின் சல்லடையையும் டாங்கு மூடியையும் பார்க்கவேண்டும். மூடியிலுள்ள சிறு காற்றுத்துளை அடைபட்டால், யந்திரம் சிறிது நேரம் ஓடி நின்றுவிடும். மூடியைத் தளர்த்தியதும் மீண்டும் ஓடும். இதற்கு மெக்கானிக் வேண்டுவதில்லை.

சோக்கை மூடினால் ஓடுகிறது, திறந்தால் நிற்கிறது என்பது மிகுதியும் சொல்லப்படும் குறை. பெட்ரோல் போதாமல் காற்று மிஞ்சுகிறதென்பது இதன் பொருள். பெரும்பாலும் ஜெட் அடைபட்டிருக்கும். பெட்ரோல் மாதக்கணக்கிற் கிடந்தால் பிசின் போலாகித் துளையை அடைக்கும். மேலும், 2022-ல் பத்து சதவிகிதமாயிருந்த எத்தனால் கலப்பு 2025-ல் இருபதாயிற்று. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் மிஞ்சினால் நீரும் எத்தனாலுமாய்ப் பிரிந்து டாங்கின் அடியிற் தங்கும். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போவதும் அடியிலிருந்தேயன்றோ! மிதவை அறையின் அடித்திருகைத் தளர்த்தி, வடிவதைக் கண்ணாடிப் புட்டியிற் பிடித்துச் சற்று வைத்தால், பிரிந்த படலம் அடியில் தெரியும். அவ்வாறாயின் டாங்கையும் முழுதும் வடித்துவிட வேண்டும்.

ஜெட்டைக் கம்பியாற் குத்துவது மிகத் தவறு. பித்தளைத் துளை விரிந்து, பெட்ரோல் அதிகஞ் செலவாகிக் கரும்புகை வரும். கடையில் விற்கும் கார்புரேட்டர் கிளீனர் தெளித்துக் காற்றடித்தலே போதும்.

கரும்புகை வேறு காரணத்தாலும் வரும்: காற்று வடிகட்டி தூசியால் அடைபடல், சோக் முழுதும் திறவாமை, மிதவையின் ஊசி சரியாய்ப் பதியாமை. கடைசியதே அபாயமானது. பெட்ரோல் கசிந்து யந்திரத்தின் ஆயிலிற் கலந்துவிடும். ஆயில் மட்டம் உயர்ந்து, பெட்ரோல் நாற்றமும் வீசினால், ஊசியைச் சரிசெய்து ஆயிலை மாற்றும்வரை ஒரு நிமிடமும் ஓட்டலாகாது.

ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருப்பதானால் டாங்கை வடித்து, எஞ்சியது தீர்ந்து தானே நிற்கும்வரை யந்திரத்தை ஓட்டவேண்டும். இது செய்யப்பட்டதா என்பதற்கு வாடகைப் பதிவேட்டில் ஒரு கட்டம் போடுமாறு காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.