பழைய டிராகன், புதிய வீடு: எதில் முதலில் பணம் போடுவது?

சிட்னியிலோ மெல்பர்னிலோ பியர்டட் டிராகன் என்ற பல்லியினப் பிராணி ஒன்றைத் தத்தெடுத்தால், அது பெரும்பாலும் தன் தட்டுமுட்டுச் சாமான்களோடுதான் வரும். கண்ணாடித் தொட்டி, மணல், ஒரு சூட்டுக்கல், இரவுக்குச் சிவப்பு பல்பு, எப்போது வாங்கியது என்று யாருக்கும் நினைவில்லாத ஒரு புற ஊதா விளக்கு. “எல்லாம் இருக்கு, பூச்சி மட்டும் வாங்கிப் போடுங்க” என்று சொல்லித் தருவார்கள். அந்தச் சாமான்களில் பாதி குப்பைக்குப் போக வேண்டியவை.

சாமானைப் பார்க்கும் முன் உரிமத்தைப் பாருங்கள். டிராகன் ஆஸ்திரேலியாவின் சொந்தப் பிராணி என்பதால் நியூ சவுத் வேல்ஸில் உரிமம் இல்லாமல் வளர்க்க முடியாது. மற்ற மாநிலங்களில் விதி மாறும். காட்டில் பிடித்ததை வீட்டில் வைத்திருப்பது குற்றம்.

கையில் உள்ள பணத்துக்கு என் வரிசை இது: விளக்கு, பிறகு இடம், கடைசியில்தான் தீனி. புதிதாக வளர்ப்பவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விதவிதமான பூச்சி வாங்கி, கால்சியம் பொடி தூவி ஊட்டுவார்கள். மேலே எரிவதோ செத்த விளக்கு. நம் ஊர் ஓணானின் குடும்பத்தைச் சேர்ந்த இந்தப் பிராணி, உள்நாட்டு வறண்ட நிலத்தின் வெயிலில் வாழ்ந்து பழகியது. வெயிலில் உள்ள யுவிபி என்ற புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் டி3 வைட்டமின் உருவாகும். டி3 இருந்தால்தான் தின்ற கால்சியம் உடம்பில் சேரும். அது சேராதபோது உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும். தாடை ரப்பர் போலாகும், கால் வளையும், விரல்கள் நடுங்கும். வளைந்த எலும்பு பிறகு நேராகாது.

யுவிபி விளக்கில் மூன்று வகை கிடைக்கும். சுருள் பல்பு விலை குறைவு, ஆனால் அதன் கதிர் ஒரு சிறு வட்டத்தில் மட்டுமே விழும். அரை மீட்டர் நீளமுள்ள பிராணிக்கு அது போதாது. மெர்க்குரி வேப்பர் பல்பு வெப்பத்தையும் யுவிபியையும் சேர்த்தே தரும். ஆனால் அதைத் தெர்மோஸ்டாட்டில் இணைத்து மட்டுப்படுத்த முடியாது என்பதால் சின்னத் தொட்டி அடுப்பாகிவிடும். மிஞ்சுவது டி5 குழல் விளக்கு. 10 அல்லது 12 சதவீத யுவிபி வகை, தொட்டியின் நீளத்தில் பாதிக்கும் குறையாத அளவில் வாங்குங்கள். பிராணியின் முதுகுக்கும் குழலுக்கும் இடையே 30 முதல் 40 செ.மீ. இருக்கட்டும், நடுவே கம்பி வலை இருந்தால் கதிரில் கணிசமான பங்கை அது தடுத்துவிடும், அதற்கேற்பக் கொஞ்சம் நெருக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழைய குழல் பளிச்சென்று எரியும், யுவிபி மட்டும் வராது. நம் கண்ணுக்கு அது தெரியாது. தேதி தெரியாமல் வந்த விளக்கை யோசிக்காமல் தூக்கிப்போடுங்கள். ஜன்னல் ஓரம் வைத்தால் வெயில் படுமே என்பார்கள். கண்ணாடி யுவிபியை நிறுத்திவிடும், வெப்பத்தை மட்டும் உள்ளே விடும். கண்ணாடித் தொட்டி வெயிலில் சில நிமிடங்களிலேயே கொதித்துவிடும்.

வெப்பத்துக்குச் சாதாரண வெள்ளை ஹாலஜன் பல்பே போதும். குளிர்காயும் இடம் 38 முதல் 42 டிகிரி, மறுகோடி 24 முதல் 27 டிகிரி. துப்பாக்கி மாதிரியான அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து பாருங்கள். தொட்டியில் ஒட்டி வரும் வட்டமுள் மானியை நம்ப வேண்டாம். சூட்டுக்கல் வயிற்றைச் சுட்டுவிடும், அது குப்பைக்கு. சிவப்பு பல்பும் அப்படியே. இரவு இருட்டாக இருக்க வேண்டும். அறை 18 டிகிரிக்கும் கீழே போனால் ஒளி வராத செராமிக் ஹீட்டரைத் தெர்மோஸ்டாட்டோடு போடலாம்.

இடம்: வளர்ந்த ஒன்றுக்கு 120 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம். அதற்குக் குறைந்தால் சூடான பக்கமும் குளிர்ந்த பக்கமும் ஒன்றாகிவிடும். மெல்பர்ன் குளிருக்கு மரப்பெட்டி நல்லது, வெப்பத்தைப் பிடித்துவைக்கும், மின்கட்டணமும் குறையும். பிரிஸ்பேனில் கண்ணாடியே போதும். எதுவானாலும் கதவு முன்பக்கம் இருக்கட்டும். மேலிருந்து கை இறங்கினால் பருந்து வந்ததாகவே அது நினைக்கும். தரைக்கு மணலா, டைலா என்ற சண்டை முடிவதில்லை. புதிதாக வந்ததன் மலத்தைக் கவனிக்க வேண்டியிருப்பதால் முதல் சில வாரங்களுக்குக் காகிதமே சரி; பிறகு சொரசொரப்பான டைல், நகமும் தேயும். துணைக்கு இன்னொன்று வேண்டாம். ஒன்று மற்றொன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பது அன்பில்லை, வெயிலுக்கான போட்டி.

இனித் தீனி. தத்துக்கு வருவது பெரும்பாலும் வளர்ந்தது. குட்டிக்கான அட்டவணையை அதற்குப் போட்டால் கொழுத்து, ஈரல் கெட்டுவிடும். குட்டிக்குத் தினமும் பூச்சி. வளர்ந்ததற்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை பூச்சி போதும், கீரை தினமும். அமெரிக்க வழிகாட்டிகள் புகழும் டூபியா கரப்பானை ஆஸ்திரேலியாவில் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. இங்கே கிடைப்பது சிள்வண்டும் ‘வுடி’ என்கிற சிறு கரப்பானும். என் ஓட்டு வுடிக்கு: கத்தாது, நாறாது, சீக்கிரம் சாகாது. வழுவழுப்பான சுவரிலும் ஏறும் என்பதுதான் தொல்லை; டப்பாவின் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவில் கால்சியம் இயல்பாகவே அதிகம். மீல்வார்ம் எப்போதாவது. மெழுகுப்புழு அல்வா மாதிரி, மருந்தை விழுங்கவைக்க மட்டும். எந்தப் பூச்சியும் டிராகனின் இரு கண்களுக்கு இடையே உள்ள அகலத்தைத் தாண்டக் கூடாது.

நம் வீட்டுக் கீரைக்கட்டிலிருந்து கிள்ளிப் போடும் ஆசை வரும். பசலையும் தண்டுக்கீரை வகைகளும் வேண்டாம். அவற்றின் ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போடும். கடுகுக்கீரை, எண்டைவ், டேன்டிலியன் இலை, துருவிய பரங்கி நல்லவை. மருந்தடிக்காத செம்பருத்திப் பூவைக் கண்டால் ஓடிவரும். அவகாடோ விஷம்.

முதல் வாரம் சாப்பிடாமல் முறைத்துக்கொண்டே இருக்கலாம். இடம் மாறியதன் மிரட்சி அது. அதற்குள் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் மலப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள், குடற்புழு சகஜம். உடம்பில் சால்மொனெல்லா இருக்கக்கூடும் என்பதால் தொட்டதும் கை கழுவுங்கள். அதன் தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் வளர்ந்தவை சாப்பாட்டைக் குறைத்து மூலையில் தூங்கிக் கிடக்கும். அது குளிர்கால உறக்கம்தானா, நோயா என்பது பார்த்தால் தெரியாது. சமையலறைத் தராசு ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி வாரம் ஒருமுறை எடை குறித்துவையுங்கள். உறக்கத்தில் எடை அதிகம் குறையாது, குறைந்துகொண்டே போனால் மருத்துவரைப் பாருங்கள்.