செங்காந்தளைத் தாளில் ஏற்றுவது எப்படி?

வேலியோரம் செங்காந்தள் பூத்துக் கிடக்கும் மழைக்காலமே உலர்தாவர மாதிரி செய்து பழக ஏற்றது. காப்புக்காட்டில் பறிக்க வனத்துறை அனுமதி வேண்டும். சொந்த நிலத்து வேலியே போதும். ஒற்றைக் கொடிதான் இருக்கிறதென்றால் விட்டுவிடுங்கள்.

கத்திக்கு முன் குறிப்பேட்டை எடுங்கள். செங்காந்தள் இதழ் மஞ்சளும் பச்சையுமாக விரிந்து, நாள் செல்லச் செல்லச் செக்கச்சிவக்கும். காய்ந்த பூவில் அது எதுவும் தெரியாது. அதனால் நிறம், கொடியின் நீளம், எதைப் பற்றிப் படர்ந்தது, மண், ஊர், தேதி எல்லாவற்றையும் அங்கேயே நின்று பென்சிலால் எழுதுங்கள். மை மழையில் கரையும். ஒரு சேகரிப்பு எண் கொடுத்து, அதே எண்ணைச் செடியிலும் கட்டுங்கள். எவ்வளவு அழகாகக் காய்ந்திருந்தாலும், ஊரும் தேதியும் இல்லாத மாதிரி ஆய்வுக்கு ஏறக்குறைய வீண்தான்.

பூ, மொட்டு, நுனி சுருண்ட இலை மூன்றும் உள்ள கிளையை நறுக்குங்கள். கிழங்கு எடுத்தால் நெடுக்காகப் பிளந்து மெல்லியதாக்குங்கள். அதில் கொல்சிசின் என்ற கொடிய நஞ்சு உண்டு, கையுறை கட்டாயம்.

செய்தித்தாள் மடிப்பில் பரப்பும்போது ஓர் இலையையாவது திருப்பி, அடிப்பக்கம் தெரிய வையுங்கள். வழவழப்பான தாள் ஈரம் உறிஞ்சாது. இரு பலகைகளுக்கிடையே வைத்து இறுக்கிக் கட்டுங்கள். மறுநாள் பிரித்தால் இலைகள் துவண்டு, சொன்னபடி கேட்கும். மடிந்ததையெல்லாம் அப்போதே நீவிவிடுங்கள். தினமும் தாள் மாற்றுங்கள், அடைமழையில் இருவேளை. தண்டைப் பிடித்துத் தூக்கும்போது இலை தொங்காமல் விறைப்பாக நின்றால் காய்ந்துவிட்டது.

பூச்சி வராமலிருக்க முன்பு பாதரசக் குளோரைடில் நனைப்பார்கள். அது மனிதருக்கும் நஞ்சு, வேண்டாம். பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரிக் குளிரில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள்; குளிர் முழுதும் தணியட்டும், இல்லையேல் வியர்த்து ஈரமாகும்.

சுமார் 42 செ.மீ. நீளம், 28 செ.மீ. அகலமுள்ள அமிலமற்ற தடித்த தாளில் பசையால் ஒட்டி, கிழங்கையும் தண்டையும் நூலால் தையுங்கள். செலோடேப் மஞ்சளித்து உரிந்துவிடும். உதிர்ந்த விதைகளுக்குச் சிறு உறை, வலது கீழ்மூலையில் விவரச்சீட்டு.

இயன்றால் ஒரே எண்ணில் இரண்டு தாள்கள் செய்யுங்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியில் கே. எம். மேத்யூ 1967இல் தொடங்கிய ராபினாட் உலர்தாவரகம் போன்ற இடத்தில் கேட்டு, ஒன்றைக் கொடுக்கலாம். பிற்பாடு யாராவது தாவரப் பெயரைத் திருத்தினால் பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது. புதுப் பெயர், திருத்தியவர் பெயர், தேதி எழுதிய துண்டுச்சீட்டைப் பக்கத்தில் ஒட்ட வேண்டும்.