பெயர்க் கட்டத்தை அடித்துவிடு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்புள்ள கண்ணா,

அந்தப் பழக்கம் கைமீறிப் போனவர்களைக் கண்டறிய நீ எழுதிய பன்னிரண்டு கேள்விகளையும் படித்தேன். முதல் கேள்வியிலேயே சறுக்கிவிட்டாய். "ஆபாசப் படம் பார்க்கும் தீய பழக்கம் உண்டா?" என்று கேட்டால் நம் ஊரில் எவன் "உண்டு" என்பான்? 'தீய'வை அடித்தாலும் 'ஆபாசம்' நிற்கிறது. தீர்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தறியில் உட்காரும் பையன்கள் 'அந்த மாதிரிப் படம்' என்கிறார்கள். மழுப்பல்தான், ஆனால் புரியாதவர் இல்லை. மேலே ஒரு வரியில் விளக்கிவிட்டு அதையே வைத்துக்கொள்.

பன்னிரண்டைக் குறைத்து ஐந்தாறு கேள்வி மட்டும் கேட்டால் என்ன தெரிந்துவிடும் என்கிறாய். ஜரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிகிறதா என்று பார்ப்போமே, அதுபோலத்தான். தங்கம் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று அது சொல்லாது. எதைப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று சொல்லும். மதிப்பெண் கூடியவனை நோயாளி என்று எழுதிவிடாதே, மனநல மருத்துவரிடம் அனுப்பு.

புதிதாக எழுதுமுன் இருப்பதைப் பார். ஷேன் கிராஸ் குழு 2020இல் வெளியிட்டதில் ஐந்தே கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் 4 வந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். ஹங்கேரியின் பியாட்டா பொதே குழு முதலில் 18 கேள்வி வைத்து, பிறகு ஆறாகச் சுருக்கியது; 42க்கு 20 அங்கே எல்லை.

கிராஸின் ஐந்தில் ஒன்று, குற்ற உணர்ச்சி இருந்தும் தொடர்ந்து பார்க்கிறாயா என்று கேட்கிறது. இங்கேதான் எனக்கு உதைக்கிறது. 'இளமையில் செய்த தவறு' என்று சுவரிலும் பத்திரிகையிலும் விளம்பரம் போட்டு லாட்ஜ் வைத்தியர்கள் பிழைத்த நாடு இது. மாதம் ஒரு முறை பார்த்தவனும் குறுகிப்போய் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைப்படுத்திய நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு இதில் தெளிவாக இருக்கிறது: கட்டுப்படுத்த முடியாமை ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்து, வாழ்க்கையைக் கெடுக்கவோ கடும் வேதனை தரவோ வேண்டும். 'இது பாவம்' என்ற எண்ணத்தால் மட்டும் வரும் வேதனை போதாது. அதனால் நானாக இருந்தால் பொதேயின் ஆறிலிருந்து தொடங்குவேன். குற்ற உணர்ச்சியைக் கேட்டே ஆகவேண்டுமென்றால் தனியே கேள், கூட்டலில் சேர்க்காதே.

தமிழாக்கியபின் அசலைப் பார்க்காத ஒருவரைத் திரும்ப ஆங்கிலமாக்கச் சொல். பிறகு பத்துப் பேரிடம் படிக்கக் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் என்னவாகப் புரிந்துகொண்டார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேள். எல்லா வேலையையும்விட இதற்குத்தான் நாள் பிடிக்கும். 20 என்ற எல்லையும் நமக்கு அப்படியே பொருந்த வேண்டுமென்பதில்லை. மருத்துவர் தனியே பேசிச் சொல்லும் முடிவோடு ஒத்துப் பார்த்தே இங்குள்ள எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லையைத் தாழ்த்தினால் விட்டுப்போகிறவர் குறைவார், வீணாக மாட்டுகிறவர் கூடுவார்.

பதினெட்டு நிறைந்தவர்களிடம் மட்டும் கொடு. தறி வீட்டில் கொடுக்காதே. அப்பா பாவு பிணைக்கும் இடத்தில், அம்மா தார் சுற்றும் இடத்தில் எந்தப் பையன் உண்மை எழுதுவான்? உன் தாளின் தலையில் பெயர், தெரு, கூட்டுறவுச் சங்க எண் என்று மூன்று கட்டம் போட்டிருக்கிறாய். மற்றதைத் திருத்துவதற்கு முன் அந்த மூன்றையும் அடித்துவிடு.

அன்புடன்,
உன் அத்தை