வேலை போன வீட்டில் தலைப்பாகை

அய்யா துணை



தி.நகர் பனகல் பூங்காவில் காலை ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தால், மரத்தடியில் சாப்பாட்டுப் பையோடு சிலர் உட்கார்ந்திருப்பார்கள். மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவிலும் பெசன்ட் நகர் கடற்கரையிலும் இப்படிச் சிலர் உண்டு. எல்லாரும் காற்று வாங்க வந்தவர்கள் அல்ல. வேலை போன செய்தியை வீட்டில் சொல்ல வாய் வராமல், வழக்கம்போலக் குளித்து, தேய்த்த சட்டை போட்டு, மனைவி கட்டித் தந்த சோற்றை வாங்கிக்கொண்டு கிளம்பி வந்தவர்களும் அவர்களில் இருக்கலாம். வெயில் ஏறினால் மாம்பலம் ரயில் நிலையம், வெயில் தாழ்ந்தால் மறுபடி பூங்கா என்று பொழுதைத் தள்ளிவிட்டு, வேலை முடிந்தவர்போல வீடு திரும்புவார்கள்.

சம்பளம் நின்றதைக் காட்டிலும் இந்த ஒளிவுதான் மனிதனை உள்ளே அரிக்கிறது. இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

தென்மாவட்டத்திலிருந்து வந்த நம் மக்கள் பலருக்குச் சென்னை என்றால் முதலில் ரங்கநாதன் தெருதான். அங்கே பெரிய கடைகள் தங்க இடமும் சாப்பாடும் சேர்த்துத் தருவது பழைய வழக்கம். ஆகவே வேலை போகிற நாளில் பாயும் தட்டும் கூடவே போய்விடும். 2011-ஆம் ஆண்டு தீபாவளி முடிந்த சில நாட்களில், அக்டோபர் 31 அன்று, விதி மீறிக் கட்டியவை என்று ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் பல கடைகளுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். 2012 பொங்கலுக்கு முன்பு உச்ச நீதிமன்றம் தற்காலிகமாகத் திறக்க அனுமதித்தது. இடையில் இரண்டு மாதத்துக்கு மேல் கதவு சாத்தியே இருந்தது. மறுபடி 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. அப்போது தெரு முழுவதுமே அடைத்துக் கிடந்தது.

இதில் வேலையாளின் குற்றம் எது? மாடி கூடுதலாக எழுப்பியது, கீழே துணி மடித்துக்கொண்டிருந்த பையன் செய்த வினை அல்ல. நோய் பரவியதும் அவன் வினை அல்ல. வேலை இழந்தவரிடம் போய் "எல்லாம் உன் ஊழ்வினை" என்று சொல்லி வாயை அடைப்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அது ஆறுதல் இல்லை, விழுந்தவன் மேல் இன்னொரு கல்.

நம் முன்னோர் பனையேறிகள். பதநீர் இறங்குவது ஆண்டில் சில மாதங்கள்தான். பருவம் ஓய்ந்தால் ஏறுபெட்டியை மூலையில் வைத்துவிட்டு, நார் கிழித்தார்கள், ஓலை முடைந்தார்கள், கிடைத்த கூலிக்குப் போனார்கள். பனை ஓய்ந்ததற்காக யாரும் முகத்தை மறைக்கவில்லை. மாதச் சம்பளம் வந்த பிறகுதான் வேலையும் மானமும் ஒன்று என்று நினைக்கத் தொடங்கினோம்.

அய்யா காலத்துத் திருவிதாங்கூரில் நம்மவருக்கு வேலைக்குக் குறைவில்லை. ஊழியம் என்ற பெயரில் கூலியில்லாத வேலை நிறைய இருந்தது. இல்லாதது மானம். தலையில் துண்டு கட்டக் கூடாது, வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று தடை. அந்த மக்களைத்தான் அய்யா தலைப்பாகை கட்டச் சொன்னார். வேலை தருகிறவன் கையில் மானத்தைக் கொடுத்து வைக்காதே என்பதுதான் அதன் பொருள். இன்றும் தாங்கலுக்குள் போகும்போது ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டி, கண்ணாடிக்கு முன் நிற்கிறோம். கம்பெனிப் பெயர் தைத்த சட்டை வெளியே கிடக்கிறது. கண்ணாடியில் தெரிவது அடையாள அட்டை இல்லாத முகம். வேலை போன வாரத்தில் "எப்படி முகத்தைக் காட்டுவது" என்று தாங்கலுக்கு வராமல் இருப்பவர்கள், அந்த வாரத்தில்தான் கட்டாயம் வர வேண்டும்.

துவையல் தவசையும் நினைத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 700 குடும்பத்தார் ஊரையும் தொழிலையும் விட்டு வாகைப்பதியில் கூடினார்கள். வருமானம் இல்லை. ஆனால் நாளுக்கு ஒழுங்கு இருந்தது: குளியல், துணி துவைத்தல், வழிபாடு, எல்லாரும் சேர்ந்து ஒரு வேளை உணவு. வேலை போனவர் முதலில் இழப்பது இந்த ஒழுங்கைத்தான். பத்து மணி வரை படுக்கை, பகல் முழுக்க போன், இரவு தூக்கமின்மை. எழும் நேரத்தை மாற்றாமல் வைத்தாலே பாதிச் சோர்வு அண்டாது.

முதல் நாள் இரவே வீட்டில் சொல்லிவிட வேண்டும். மனைவிக்குத் தெரிந்தால் கலங்குவாள்தான். மூன்றாம் மாதம் வெளியாள் வாயால் தெரிந்தால், வேலை போனதை மன்னிப்பாள், மறைத்ததை மன்னிப்பது கடினம்.

மறுநாளே காகிதங்களை எடுத்து வையுங்கள். 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 41-ஆம் பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமின்றி நீக்கக் கூடாது; ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தர வேண்டும். இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு 2018-இல் ஒரு திட்டம் வந்தது. வேலை இழந்தால் சராசரி நாட்கூலியில் 50 சதவீதம், 90 நாள் வரை என்று 2020-இல் அது உயர்த்தப்பட்டது. இப்போதைய நிபந்தனைகளைக் கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பிச்சை என்று எண்ணிக் கேட்காமல் விடுகிறவர்கள் உண்டு. அது உங்கள் சம்பளத்தில் பிடித்த காசு.

உயிரையே வெறுக்கும் எண்ணம் வந்தால் அந்த இரவைத் தனியே கடக்க வேண்டாம். 14416, 104 ஆகிய எண்களில் தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் சினேகா என்ற அமைப்பு இப்படிப்பட்டவர்களின் பேச்சைக் கேட்பதற்கென்றே நடந்து வருகிறது. தாங்கலில் பணிவிடை செய்பவரிடம் சொல்வதும், இங்கே பேசுவதும் ஒன்றுக்கொன்று தடையல்ல.

மற்ற அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. விழுந்தவரைத் தாங்குவதே தர்மம் என்று கற்றவர்கள் நாம். ஆனால் ஞாயிறுதோறும் "வேலை கிடைச்சாச்சா?" என்று கேட்பது தாங்குவது ஆகாது. உங்கள் கடையிலோ கம்பெனியிலோ ஆள் தேவையென்றால் நேரில் அழைத்துச் சொல்லுங்கள். இல்லையென்றால், உச்சிப்படிப்பு முடிந்து அன்ன தர்மம் நடக்கும்போது, "அண்ணே, சோறு விளம்ப ஆள் பத்தாது, கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டு வாளியைக் கையில் கொடுங்கள். பந்தி முடிந்ததும் அவர் பக்கத்திலேயே இலை போட்டு உட்காருங்கள்.

அய்யா உண்டு