எதை ஒன்று என்று எண்ணுகிறாய்?

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வரிசை மாற்றம், சேர்வு இரண்டுக்கும் சூத்திரம் மனப்பாடம், ஆனால் கணக்கைப் படித்ததும் எதைப் போடுவது என்று தெரியாமல் கை நின்றுவிடுகிறது என்று எழுதியிருக்கிறாய். பதினோராம் வகுப்பில் என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இதைத்தான் சொல்கிறார்கள். இதற்கு இன்னொரு சூத்திரம் மருந்தாகாது. சூத்திரத்தைத் தொடுவதற்கு முன்னால் நீ கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: இந்தக் கணக்கில் நான் எதை ‘ஒன்று’ என்று எண்ணுகிறேன்? நிகழ்தகவுக் கணக்கானால் இன்னும் ஒரு படி: அப்படி எண்ணிய ஒவ்வொன்றும் சம வாய்ப்பு உள்ளதுதானா?

இந்த இரண்டாவது கேள்வியில் பெரிய கணித மேதைகளே தடுக்கியிருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் திதரோவுடன் சேர்ந்து கலைக்களஞ்சியம் தொகுத்தவர் டி’அலம்பர்ட். நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு முறையாவது தலை விழ நிகழ்தகவு என்ன என்பதை 1754இல் அதில் எழுதினார். முதல் முறையே தலை விழுந்துவிட்டால் மேலே சுண்ட வேண்டியதில்லை. இல்லையென்றால் பூவுக்குப் பின் தலை, அல்லது இரண்டும் பூ. ஆக மூன்று வழி, அதில் இரண்டு சாதகம், எனவே 2/3 என்றார். சரியான விடை 3/4. அவர் சொன்ன மூன்று வழிகளும் உண்மையில் இருப்பவைதான். ஆனால் முதல் வழிக்கு மட்டும் பாதி வாய்ப்பு இருக்கிறது, மற்ற இரண்டுக்கும் கால் கால். எடை வேறான மூன்றை அவர் மூன்று என்று எண்ணிவிட்டார்.

இதைவிட அழகான கணக்கு கலிலியோவிடம் வந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் மூன்று பகடை உருட்டி ஆடியவர்களுக்கு ஒரு புதிர். கூடுதல் 9 வருவதற்கு 1-2-6, 1-3-5, 1-4-4, 2-2-5, 2-3-4, 3-3-3 என்று ஆறு கூட்டு. 10 வருவதற்கும் 1-3-6, 1-4-5, 2-2-6, 2-3-5, 2-4-4, 3-3-4 என்று அதே ஆறு. அப்படியிருக்க, நெடுநாள் ஆடியவர்களின் அனுபவத்தில் 9ஐ விட 10 அதிகம் விழுகிறதே, ஏன்?

பகடை மூன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மனத்துக்குள் நிறம் பூசிப் பார். 1-2-6 என்பது ஒரு வழி அல்ல. சிவப்பில் 1, பச்சையில் 2, நீலத்தில் 6 ஒன்று. சிவப்பில் 2, பச்சையில் 1, நீலத்தில் 6 வேறொன்று. இப்படி ஆறு வழி. 1-4-4க்கு மூன்று வழிதான், ஏனென்றால் அந்த 1 எந்தப் பகடையில் விழுகிறது என்பதுதான் மாறும். 3-3-3க்கு ஒரே வழி. இனிக் கூட்டு: 9க்கு 6+6+3+3+6+1, அதாவது 25. பத்துக்கு 6+6+3+6+3+3, அதாவது 27. மொத்தக் கூறுவெளி 6×6×6 = 216. ஆக 25/216, 27/216. கலிலியோ இப்படி எண்ணித்தான் ஆட்டக்காரர்கள் கண்டது சரி என்று காட்டினார். வித்தியாசம் நூற்றுக்கு ஒன்று கூட வராது. அதைக் கையனுபவத்தில் உணர்ந்த அந்த ஆட்டக்காரர்களை நினைத்தால் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

பகடைகள் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் நிறம் பூசியே எண்ண வேண்டும் என்பதை மட்டும் விடாதே. நமக்கு அடையாளம் தெரியவில்லை என்பதற்காகப் பகடைகள் ஒன்றாகிவிடுவதில்லை. பாடப்புத்தகத்துப் பைக்குள் இருக்கும் சிவப்புப் பந்து ஐந்துக்கும் இதே விதிதான்: ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டிவிட்டுத் தொடங்கு.

நிகழ்தகவை விட்டு வெறும் எண்ணிக்கைக்கு வந்தால் தொல்லை வேறு விதம். ஒரே பொருளை இரண்டு முறை எண்ணிவிடுவோம். ஐந்து மாணவிகள், நான்கு மாணவர்கள். மூன்று பேர் கொண்ட குழு. ஒரு மாணவியாவது இருக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் இப்படிப் போடுகிறார்கள்: முதலில் ஒரு மாணவியை 5 வழிகளில் எடு, மீதி எட்டுப் பேரில் இருவரை 28 வழிகளில் எடு, 5×28 = 140. கேட்கும்போது குறையே தெரியாது. ஆனால் எந்த நிபந்தனையும் இல்லாமல் ஒன்பது பேரில் மூவரைத் தேர்ந்தெடுக்கவே 84 வழிதான் உண்டு!

எங்கே வழுக்கியது? மலர், செல்வி, குமார் குழுவை எடுத்துக்கொள். மலரை முதலில் எடுத்துச் செல்வியைப் பிறகு எடுத்தால் ஒரு தடவை, செல்வியை முதலில் எடுத்தால் இன்னொரு தடவை. குழு ஒன்று, கணக்கில் இரண்டு. இரண்டு மாணவிகள் உள்ள குழு 40, ஒவ்வொன்றும் இரு முறை. மூன்று பேரும் மாணவிகளாக உள்ள குழு 10, ஒவ்வொன்றும் மும்முறை. ஒரே மாணவி உள்ள 30 குழு மட்டும் ஒழுங்காக ஒரு முறை. 30+80+30, அந்த 140 இதோ. சரியான வழி எதிர்ப்புறத்திலிருந்து வருவது. மாணவியே இல்லாத குழு 4. 84இல் அதைக் கழித்தால் 80.

‘ஒரு முறையாவது’, ‘ஒருவராவது’ என்று கேள்வியில் பார்த்தாலே இந்த எதிர்ப்புறத்தை நினை. பகடையை நான்கு முறை உருட்டினால் ஒரு முறையாவது 6 விழ நிகழ்தகவு 4/6 என்று எழுதத் தோன்றும். ஏழு முறை உருட்டினால் 7/6 ஆகிவிடும், ஒன்றுக்கு மேல் நிகழ்தகவு கிடையாதே! 6 ஒரு தடவைகூட விழாமல் இருப்பதற்கு 5/6ஐ நான்கு முறை பெருக்கு, 625/1296. மிச்சம் 671/1296, பாதிக்குச் சற்று மேல். பகடையாட்டத்தில் ஊறிய த மேரே என்ற பிரெஞ்சுக்காரர் எழுப்பிய இப்படிப்பட்ட கேள்விகள்தான் 1654இல் கணித மேதைகள் பாஸ்கலையும் ஃபெர்மாவையும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதவைத்தன. நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்தது அந்தக் கடிதங்களிலிருந்துதான்.

வரிசையா சேர்வா என்ற உன் பழைய குழப்பத்துக்கு: இரண்டு பேரை இடம் மாற்றிப் பார். விடை வேறாகத் தெரிந்தால் வரிசை மாற்றம், அதே விடையாக இருந்தால் சேர்வு. தலைவர், செயலாளர் என்றால் மாறும். குழு என்றால் மாறாது. எழுத்துக் கணக்கிலும் இதேதான். ‘அம்மா’வில் அ, ம், மா மூன்றும் வேறு, எனவே 6 வரிசை. ‘தாத்தா’வில் தா இரண்டு முறை வருகிறது, அவற்றை இடம் மாற்றினால் ஒன்றும் மாறாது, எனவே 3 வரிசைதான். எழுதிப் பார், மூன்றுக்கு மேல் கிடைக்காது.

எண்கள் பெரிதாக இருந்து மிரட்டினால் சிறிதாக்கிக்கொள். ஒன்பது பேருக்குப் பதில் மூன்று பேரை வைத்து எல்லாக் குழுவையும் கையால் எழுது. பட்டியல் போடுவது சின்னப் பிள்ளை வேலை என்று உன் தோழிகள் சொன்னால் கேட்காதே. கலிலியோ செய்ததும் பட்டியல்தான்.

உனக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். மூன்று பகடையில் கூடுதல் 11 வருவதற்கும் 12 வருவதற்கும் எத்தனை வழி? பட்டியல் போட்டுக் கண்டுபிடி. பிறகு, பகடையில் எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் 7 வரும் என்பதை வைத்து, பட்டியலே இல்லாமல் அதே விடை வருகிறதா என்று பார். இரண்டையும் எழுதி அனுப்பு. பொங்கலுக்கு வரும்போது உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
அத்தை