எண்ணெய் வண்டியும் சூரியத் தகடும்: போர்க்களத்திலிருந்து ஒரு பாடம்

எண்ணெய் வராவிட்டால் என்ன நடக்கும் என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990களின் தடைக்காலத்தில் ஜாம் போத்தலுக்குள் திரியிட்டு, சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் எரித்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தோம். வெங்காயம் வாடி நிற்க, இறைப்பு இயந்திரம் சும்மா கிடந்தது. 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருள் வரிசையில் நின்றபோது அந்த நாட்கள் மீண்டும் நினைவுக்கு வந்தன.

உலகிலேயே அதிக பணம் படைத்த இராணுவமும் இதே நெருக்கடியைச் சந்தித்தது. அது கண்ட வழிகளில் ஒன்று சூரிய ஒளி. அதை இப்பாடத்தில் படிப்போம். போரைப் புகழ்வது நமது நோக்கமன்று. பிறர் பெருவிலை கொடுத்துக் கற்றதை நாம் விலையின்றிக் கற்றுக்கொள்ளலாம் அல்லவா?

1. முதற் படி

சூரிய ஒளியை மின்சாரமாக மாற்றும் சிலிக்கன் கலத்தை 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம் உலகுக்குக் காட்டியது. அன்று அதன் விலை மிக அதிகம். வீட்டுக்கு வாங்கக் கூடியதாக இருக்கவில்லை.

1958 மார்ச் 17இல் அமெரிக்கக் கடற்படையின் திட்டத்தில் வன்கார்ட் 1 என்னும் சிறு செய்மதி விண்ணுக்கு அனுப்பப்பட்டது. அதில் இரண்டு ஒலிபரப்பிகள் இருந்தன. பற்றரியில் இயங்கியது அதே ஆண்டு யூன் மாதத்துடன் ஓய்ந்துவிட்டது. சூரியக் கலத்தில் இயங்கியதோ 1964 வரை ஒலித்தது. எரிபொருளைக் கொண்டுசேர்க்க முடியாத இடத்திலேயே சூரியத் தகடு முதலில் தன் பெறுமதியைக் காட்டியது. இதை மனதில் வைத்துக்கொள்வோம்.

2. எண்ணெயின் உண்மை விலை

2006ஆம் ஆண்டு ஈராக்கின் மேற்குப் பகுதியான அன்பாரில் இருந்த அமெரிக்கத் தளபதி ரிச்சர்ட் சில்மர் மேலிடத்துக்கு ஒரு கோரிக்கை அனுப்பினார். அவர் கேட்டவை சூரியத் தகடுகளும் காற்றாலைகளும். காரணம் எளிது. முகாம்களின் மின்பிறப்பாக்கிகள் இரவு பகலாக ஓடின. அவற்றுக்கு எண்ணெய் கொண்டுவந்த வண்டித் தொடர்களே கண்ணிவெடிக்கு இலக்காகின.

ஆப்கானிஸ்தானில் நிலைமை இன்னும் கடினம். அந்நாட்டுக்குக் கடல் இல்லை. எண்ணெயில் பெரும்பகுதி கராச்சித் துறைமுகத்தில் இறங்கி, மலைக் கணவாய்கள் ஊடாகப் போகவேண்டியிருந்தது. 2010 இலையுதிர் காலத்தில் பாகிஸ்தான் ஒரு கணவாயைச் சில நாட்கள் மூடியபோது, வழியில் தரித்து நின்ற பல எண்ணெய்த் தாங்கிகள் தீக்கிரையாகின. அவற்றை ஓட்டியவர்களில் பலர் கூலிக்கு வந்த ஏழைச் சாரதிகள்.

அமெரிக்கத் தரைப்படையின் ஆய்வொன்று 2009இல் வெளிவந்தது. 2007ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஆப்கானிஸ்தானில் ஏறக்குறைய 24 எரிபொருள் வண்டித் தொடர்களுக்கு ஒருவர் என்ற அளவில் கொல்லப்பட்டனர் அல்லது காயமடைந்தனர். பற்றுச்சீட்டில் எழுதிய விலை மட்டும் எண்ணெயின் விலை அன்று. அதைக் கொண்டுவருபவரின் உயிரும் அதில் அடங்கும்.

3. முதலில் ஓட்டையை அடைத்தார்கள்

எண்ணெய் எங்கே எரிகிறது என்று கணக்குப் பார்த்தபோது, கூடாரங்களைக் குளிர்விக்கவே பெருமளவு செலவாவது தெரியவந்தது. மெல்லிய துணிக் கூடாரம். வெளியே பாலைவன வெயில். ஓட்டை வாளியில் நீர் மொண்டது போன்ற வேலை. ஈராக்கில் பல கூடாரங்களின் மேல் வெப்பத்தைத் தடுக்கும் நுரைப் பூச்சு அடித்தார்கள். குளிரூட்டும் தேவை குறைந்தது; எண்ணெய்த் தேவையும் அதனுடன் குறைந்தது. அதற்கு ஒரு தகடுகூட வேண்டியிருக்கவில்லை.

அடுத்தபடி சூரியத் தகடு வந்தது. 2010இல் ஹெல்மண்ட் மாகாணத்தின் சங்கீன் பகுதிக்குச் சென்ற ஒரு மரைன் அணி, மடித்துப் பெட்டியில் வைக்கக்கூடிய தகடுகளையும், சிக்கனமான விளக்குகளையும், நிழலும் மின்சாரமும் ஒருங்கே தரும் கூடார விரிப்புகளையும் எடுத்துச் சென்றது. அங்கிருந்த ஒரு சிறு காவல் தளத்தில், மின்பிறப்பாக்கிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 75 லீற்றராக இருந்த தேவை 10 லீற்றருக்கும் கீழே இறங்கியது. வானொலிக்குரிய பற்றரிகளை வெயிலிலேயே மின்னேற்றியதால், ரோந்து செல்வோர் முதுகிற் சுமந்த மேலதிகப் பற்றரிகளின் பாரமும் குறைந்தது.

4. தகட்டால் முடியாதது

இங்கே ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். அந்த அணி சேர்ந்திருந்த பட்டாலியன் 2011 வரை சங்கீனில் இருந்தது. அந்த ஏழு மாதங்களில் 25 பேரைப் பறிகொடுத்தது. தகடு எண்ணெய் வண்டிகளைக் குறைத்தது. வயலில் புதைத்த வெடியை அது அகற்றவில்லை. அதே வயல்களில் வாழ்ந்த மக்களின் இழப்பும் குறையவில்லை. 2021 ஓகஸ்டில் அமெரிக்கப் படைகள் அந்நாட்டை விட்டு வெளியேறின.

சூரிய ஒளியில் இயங்குவதால் ஒரு போர் நீதியானதாகிவிடாது. நல்ல கருவி வேறு, நல்ல நோக்கம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

5. அதே மண்ணின் உழவர்கள்

இக்கதையில் நமக்கு மிக நெருக்கமான பகுதி இனித்தான் வருகிறது. மரைன்கள் தகடு விரித்த அதே ஹெல்மண்டில், சில ஆண்டுகளில் விவசாயிகளும் தகடு வாங்கத் தொடங்கினார்கள். எந்த அரசும் அவர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. சந்தையில் வந்ததைக் கடன்பட்டு வாங்கி, ஆழ்குழாய்க் கிணறுகளில் பூட்டினார்கள். கலப்பட டீசலாலும் பழுதாகும் இயந்திரத்தாலும் அலுத்துப்போயிருந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. செய்மதிப் படங்களைக் கொண்டு எண்ணிய ஆய்வாளர்கள், 2019இல் ஹெல்மண்ட் பள்ளத்தாக்கில் மட்டும் 67,000 தகட்டு வரிசைகளைக் கண்டார்கள். பாலைநிலம் பச்சையானது. நிலமற்ற குடும்பங்கள் அங்கே குடியேறின.

அதன் மறுபக்கமும் உண்டு. பலர் பயிரிட்டது அபின். மேலும், நிலத்தடி நீர் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 மீற்றர் தாழ்வதாக மதிப்பிடப்பட்டது. ஏன் இப்படி? டீசல் இயந்திரம் ஓடும் ஒவ்வொரு மணித்தியாலமும் மடியிலிருந்து காசு போகும். ஆகவே உழவர் வேளைக்கு நிறுத்துவார். சூரியன் காசு கேட்பதில்லை. காலை தொடங்கி மாலை வரை நீர் ஓடும். எண்ணெயின் விலை நமக்குப் பாரமாக இருந்தது உண்மை. ஆனால் நாம் அறியாமலே அது கிணற்றுக்குக் காவலாகவும் இருந்தது. காவலை எடுத்துவிட்டால் வேறொரு காவல் வைக்கவேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இது இருமடங்கு பொருந்தும். நமது சுண்ணாம்புக்கல் நிலத்தின் அடியில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலே ஏறும். உவரான கிணற்றை மீட்பது எளிதன்று.

6. நாம் செய்யக்கூடியவை

முதலாவது, கணக்கு எழுதுதல். ஒரு போகத்துக்கு எத்தனை லீற்றர் எண்ணெய், எத்தனை மணித்தியால இறைப்பு, எத்தனை தரம் சந்தைக்குப் போய்வந்தோம் என்று ஒரு கொப்பியில் எழுதுவோம். போய்வரும் செலவையும் நேரத்தையும் சேர்ப்போம்.

இரண்டாவது, ஓட்டையை அடைத்தல். வாய்க்காலில் வீணாகும் நீர், மூடாக்கு இல்லாமல் காயும் பாத்தி ஆகியவற்றை முதலிற் சரிசெய்வோம். தேவை பாதியானால் வாங்கவேண்டிய தகடும் பாதியே.

மூன்றாவது, நீரைச் சேமித்தல். பற்றரி விலை கூடியது. சில ஆண்டுகளில் மாற்றவும் வேண்டும். பகலில் இறைத்து உயரத்தில் உள்ள தொட்டியில் நிரப்பினால், தொட்டியே நமது பற்றரி.

நான்காவது, கிணற்றுக்குக் காவல். கயிற்றில் முடிச்சிட்டு மாதந்தோறும் நீர்மட்டத்தை அளப்போம். இறைக்கும் மணித்தியாலத்தை அயலவர்களுடன் பேசித் தீர்மானிப்போம். ஒருவர் மட்டும் கட்டுப்பட்டுப் பயனில்லை. நிலத்தடியில் வேலி கிடையாது.

ஐந்தாவது, சேர்ந்து வாங்குதல். மீண்டும் இடம்பெயர நேருமோ என்ற அச்சம் நம்மில் பலருக்கு இன்னும் உண்டு. கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய சிறு தகடுகளில் தொடங்குவது நல்லது. நாலைந்து குடும்பம் சேர்ந்தால் கடன் சுமையும் பகிரப்படும்.

கலந்துரையாடலுக்கு

1. சென்ற போகத்தில் உங்கள் குடும்பம் எண்ணெய்க்குச் செலவிட்டது எவ்வளவு? போய்வந்த செலவைச் சேர்த்தீர்களா?

2. உங்கள் கிணற்றின் நீர்மட்டமும் சுவையும் பத்து ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்தன? ஊரில் மூத்தவர்களிடம் கேட்டு வாருங்கள்.

3. இறைப்புக்குச் செலவு இல்லாமற் போனால், எப்போது நிறுத்துவது என்பதை யார் தீர்மானிப்பது?

மூன்றாவது கேள்விக்கு ஊர்கூடி விடை கண்ட பின்னரே தகட்டுக்கு விலை கேட்கப் போவோம்.