சிறு விபத்தும் நான்காம் சீலமும்

பஞ்சசீலத்தை நாம் நாள்தோறும் ஓதுகின்றோம். நான்காவதாகிய பொய்யுரையாமையை ஓதுங்கால், நாவினால் கூறும் பொய்யே நம் நினைவிற்கு வருகின்றது. ஒன்றும் கூறாது வாய்மூடி இருப்பதும் சில வேளைகளில் பொய்யாகிவிடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இவ்வுண்மையை விளக்கும் நிகழ்ச்சி ஒன்றை இப்பாடத்திற்கு எடுத்துக்கொள்வோம். அது பண்டைச் சாதகக் கதையன்று. நம் தெருக்களில் இன்று நடப்பது.

நிகழ்ச்சி

பெங்களூரில் வாழும் தமிழன்பர் ஒருவர் ஒரு வீட்டில் காரோட்டியாக ஊழியம் செய்கின்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் நம்மிடம் வந்து ஓர் ஐயம் கேட்டார். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை இரவு, முதலாளியை வீட்டு வாயிலில் இறக்கிவிட்டு, வண்டியைக் கொட்டகையில் விடுவதற்காகக் குறுகிய சந்தொன்றில் பின்னோக்கிச் செலுத்தியிருக்கின்றார். அங்கே ஓரமாக நின்றிருந்த ஆட்டோ ரிக்‌ஷா ஒன்றின்மீது காரின் பின்மூலை இடித்துவிட்டது. ஆட்டோவின் பக்கக் கண்ணாடி உடைந்தது. முன் மட்கார்டு நெளிந்தது. காரின் பம்பரிலோ விரல்நீளக் கீறல் ஒன்றே. ஆட்டோவில் எவரும் இல்லை. சந்திலும் எவரும் இல்லை. அன்பர் இறங்கிப் பார்த்தார். சற்று நேரம் நின்றார். பிறகு வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு வீடு சென்றார்.

“ஐயா, யாருக்கும் காயம் இல்லை, யாரும் பார்க்கவும் இல்லை. முதலாளியிடம் சொன்னால் வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறேன். இரண்டு பிள்ளைகள் படிக்கின்றன. ஆனால் இரண்டு இரவாகத் தூக்கம் இல்லை. இதைச் சொல்லத்தான் வேண்டுமா?” என்று கேட்டார்.

வேலை இழக்கும் அச்சம் இல்லாதவர்க்கு இவ்வினாவிற்கு விடையளித்தல் எளிது. ஆகவே நாம் உடனே விடை கூறவில்லை. முதலில் நாட்டுச் சட்டம் என்ன கூறுகின்றது என்று பார்த்தோம். அதன்பின் தம்மம் என்ன கூறுகின்றது என்று பார்த்தோம். வாசகர்களும் அம்முறையிலேயே எம்முடன் வருக.

சட்டம் கூறுவது

ஒருவர் காயமுற்றால் மட்டுமே விபத்தைப் போலீஸ் நிலையத்தில் தெரிவிக்கவேண்டும் என்பது பலருடைய எண்ணம். அவ்வெண்ணம் பிழையானது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, ஒருவர் காயமுற்றாலும், பிறருடைய பொருளுக்குச் சேதம் நேர்ந்தாலும், ஓட்டுநருக்கு மூன்று கடமைகளை விதிக்கின்றது. முதலாவது, காயமுற்றவரை அண்மையிலுள்ள மருத்துவரிடமோ மருத்துவமனைக்கோ சேர்ப்பிக்க இயன்றதெல்லாம் செய்தல். இரண்டாவது, போலீஸ் அதிகாரி கேட்கும் விவரங்களைக் கொடுத்தல். அங்கே அதிகாரி இல்லையெனில், அண்மையிலுள்ள போலீஸ் நிலையத்தில் இயன்றவரை விரைவாகவும், எவ்வாறாயினும் 24 மணி நேரத்திற்குள்ளும் நடந்ததைத் தெரிவித்தல். மூன்றாவது, இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கு நாள், நேரம், இடம், ஓட்டுநரின் பெயர் முதலியவற்றை எழுத்து மூலம் அறிவித்தல்.

இவற்றிற்கு முற்பட்ட 132ஆம் பிரிவோ, விபத்து நேர்ந்தால் வண்டியை நிறுத்த வேண்டும் என்றும், பாதிக்கப்பட்டவர் தம் பெயரையும் முகவரியையும் கூறிக் கேட்பின், ஓட்டுநர் தம் பெயரையும் உரிமையாளர் பெயரையும் முகவரிகளுடன் கூறவேண்டும் என்றும் விதிக்கின்றது. இக்கடமைகளைத் தவறியவர்க்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வகுத்தது.

இச்சட்டம் மனித இயல்பை அறியாததன்று என்பதையும் காண்க. தெருவில் கூட்டம் கூடி ஓட்டுநரை அடிக்க வருதல் நம் நாட்டில் உண்டு. அவ்வாறு மக்கள் சினங்கொண்ட நிலையில், காயமுற்றவரைத் தாமே எடுத்துச்செல்ல இயலாது போகலாம் என்று சட்டமே ஒப்புக்கொள்கின்றது. ஆனால் உயிர் தப்ப அவ்விடம் விட்டு அகன்றவர், போலீஸ் நிலையத்திற்கும் போகாமல் இருந்துவிடலாம் என்று அது கூறவில்லை. அகலுதல் வேறு, ஓடி மறைதல் வேறு.

இனி, தெரிவிக்க வேண்டாத விபத்தும் உண்டு. நம் வண்டி நம் வீட்டுத் தூணில் உராய்ந்து, நம் வண்டியே கீறப்பட்டால், அதனைப் போலீஸாரிடம் சொல்ல வேண்டிய தேவையில்லை. அச்செலவிற்கு இன்ஷ்யூரன்ஸ் தொகை கேட்பதா வேண்டாவா என்பது வெறும் கணக்கு. ஓராண்டு தொகை கேளாதிருந்தால் சொந்தச் சேதத்திற்குரிய பிரீமியத்தில் 20 விழுக்காடு கழிவு கிடைக்கும். அது ஆண்டுதோறும் 25, 35, 45 என உயர்ந்து 50 வரை செல்லும். ஒரு முறை தொகை கேட்டால் அக்கழிவு போய்விடும். ஆகவே சிறு கீறலுக்குக் கைப்பணம் கொடுத்துச் சரி செய்துகொள்வோர் பலர். இதில் குற்றம் இல்லை. ஆனால் தொகை பெற்றுக்கொண்ட பின், வேறு கம்பெனிக்கு மாறும்போது, “நான் ஒன்றும் கேட்டதில்லை” என்று எழுதிக் கையொப்பமிடுவது பொய். தன் பொருள் பற்றிய கணக்கு எங்கே முடிகின்றது, பிறர் பொருள் பற்றிய கடமை எங்கே தொடங்குகின்றது என்பதை அறிந்துகொண்டால், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இராகுலருக்கு உரைத்த பாடம்

பகவர் தம் மைந்தராகிய இராகுலருக்கு இராசகிருகத்தை அடுத்த அம்பலட்டிகை என்னும் இடத்தில் பொய் பற்றி உரைத்த அறவுரை மஜ்ஜிம நிகாயத்தில் உள்ளது. அசோக மன்னர், துறவியரும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்டுச் சிந்திக்க வேண்டியவை என ஏழு பகுதிகளைக் கல்லில் பொறித்தார். அவற்றுள் இதுவும் ஒன்று. இராஜஸ்தானத்து வைராட்டில் கண்டெடுக்கப்பட்ட அக்கல் கொல்கத்தா ஆசியக் கழகத்தில் உள்ளது.

அவ்வறவுரையில் பகவர் கண்ணாடியை உவமையாகக் காட்டுகின்றார். கண்ணாடி முகம் பார்ப்பதற்கு உள்ளதுபோல, ஒவ்வொரு செயலையும் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்தபின்னும் திரும்பத் திரும்ப நோக்குதல் வேண்டும் என்பது அதன் கருத்து. நோக்கும்போது கேட்கவேண்டிய வினா, இச்செயல் எனக்குத் துன்பம் தருமா, பிறர்க்குத் தருமா, இருவர்க்கும் தருமா என்பதே. “இதை யாராவது பார்த்தார்களா?” என்னும் வினா அங்கே இல்லை என்பதை வாசகர்கள் கருத்தில் கொள்க. செய்துவிட்ட ஒரு செயல் துன்பம் தருவது என்று கண்டால், அதனை ஆசிரியரிடமோ அறிவுடைய நண்பரிடமோ வெளிப்படக் கூறி, இனிச் செய்யாவண்ணம் காத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அங்கே கூறப்பட்டது.

இதனை நம் அன்பருடைய நிலைக்குப் பொருத்திப் பார்ப்போம். இடிக்குமுன் பின்னே பார்க்காதது கவனக்குறைவு. அதில் தீய எண்ணம் இல்லை. இடித்தபின் இறங்கிப் பார்த்தார், அதுவும் நன்றே. பார்த்தபின் பேசாமல் சென்றாரே, அங்கேதான் செயல் மாறுகின்றது. முதலில் நிகழ்ந்தது கைத்தவறு. பின்னர் நிகழ்ந்தது மனம் அறிந்து செய்தது. விபத்து சிறியதாக இருக்கலாம். அதை மறைக்கும் முடிவு விபத்தன்று.

சேதம் எங்கே போகின்றது?

“சிறு சேதந்தானே, யாருக்கு என்ன?” என்று நம்மில் பலர் கூறுவோம். ஆனால் உடைந்த கண்ணாடி தானே ஒட்டிக்கொள்வதில்லை. நாம் ஏற்காத செலவை வேறொருவர் ஏற்கவே வேண்டும். ஆட்டோ ஓட்டுவோரிற் பலர் அவ்வண்டிக்கு உரிமையாளர் அல்லர். நாள்வாடகைக்கு எடுத்து ஓட்டுபவர். வண்டியில் சேதம் கண்டால் உரிமையாளர் அவரையே கேட்பார். “நான் இடிக்கவில்லை” என்று அவர் கூறும் உண்மையை யார் நம்புவர்? நம் வாய்மூடல் அவருடைய உண்மையைப் பொய்யாக்கிவிடுகின்றது. ஓர் ஊழியர் தம் வேலையைக் காத்துக்கொள்ளத் தம்மைப்போன்ற மற்றோர் ஊழியரின் கூலியை இழக்கச் செய்வதே இதன் முடிவு.

காயம் நேர்ந்த இடத்தில் இது இன்னும் கடுமையானது. சைக்கிளில் சென்ற சிறுவனைக் கார் தட்டிவிடுகின்றது. அவன் எழுந்து, “ஒன்றும் இல்லை அண்ணா” என்று கூறிச் சென்றுவிடுகின்றான். அதிர்ச்சி மிகுந்த பொழுதில் வலி தெரியாமல் இருத்தல் உண்டு. தலையில் பட்ட அடியானால் தலைவலி, வாந்தி, மயக்கம் முதலியன சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். ஆதலால் அவன் சொல்லை நம் விடுதலைச் சீட்டாகக் கொள்ளலாகாது. அவனை மருத்துவரிடம் காட்டுவதும், பெற்றோருக்கு அறிவிப்பதும், 112 என்ற எண்ணிலோ போலீஸ் நிலையத்திலோ தெரிவிப்பதும் நம் கடமை. சாலை விபத்தில் காயமுற்றவர், குறிப்பிட்ட மருத்துவமனைகளில் ஏழு நாள்கள் வரை 1,50,000 ரூபாய் அளவில் பணம் கட்டாது சிகிச்சை பெற 2025ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒரு திட்டம் வகுத்தது. விபத்தே நடக்காததுபோல் ஒருவர் மறைத்துவிட்டால், காயமுற்றவர் அவ்வுதவியை எவ்வாறு கோருவார்? கையில் ஐந்நூறு ரூபாய் கொடுத்து அனுப்பிவிடுதல் இதற்கு ஈடாகாது.

காலம் கடந்த பின்

இவற்றையெல்லாம் கேட்ட அன்பர், “24 மணி நேரம் கடந்துவிட்டதே, ஐயா! இனிச் சொல்லி என்ன பயன்?” என்றார். இதற்கு வினயத்தில் ஒரு நல்ல வழிகாட்டுதல் இருக்கின்றது. சங்காதிசேசம் என்னும் வகையைச் சேர்ந்த குற்றம் செய்த பிக்கு, அதனை அறிந்தே மறைத்து வைத்தால், எத்தனை நாள் மறைத்தாரோ அத்தனை நாள் பரிவாசம் என்னும் நோன்பை ஏற்றல் வேண்டும்; அதன்பின்னரே ஆறு இரவு மானத்தம். அதாவது, குற்றம் ஒரு கணக்கு. மறைப்பு மற்றொரு கணக்கு. முதற் கணக்கு வளர்வதில்லை. இரண்டாவது கணக்கு நாள்தோறும் வளர்கின்றது. ஆனால் காலம் கடந்தவர் சொல்லவே கூடாதென்று கதவு அடைக்கப்படவில்லை. இரண்டு நாள் தாமதித்தவர் மூன்றாம் நாள் வரை தாமதிக்க வேண்டியதில்லை என்பதே நாம் கூறியது.

எவ்வாறு சொல்வது என்பதையும் பேசினோம். காரின் உரிமையாளர் முதலாளியே. இன்ஷ்யூரன்ஸும் அவர் பெயரில் உள்ளது. ஆகவே முதலில் அவரிடம். “ஆட்டோ தவறான இடத்தில் நின்றது” என்று தொடங்க வேண்டாம். “நான் பின்னே சரியாகப் பார்க்கவில்லை” என்று தொடங்குக. நடந்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் கூறுக. இரண்டு நாள் சொல்லாதிருந்ததையும் மறைக்காமல் சேர்த்துக் கூறுக.

அன்று மாலையே அவர் முதலாளியிடம் சென்றார். முதலாளி கோபித்தார், பழுதுச் செலவில் பாதியைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகக் கூறினார், வேலையை விட்டு நீக்கவில்லை. நீக்கியிருக்கவும் கூடும். உண்மை கூறியவர்க்கு எப்பொழுதும் நன்மையே விளையும் என்று நாம் வாக்குறுதி அளிக்க இயலாது. திங்கட்கிழமை காலை, முதலாளியின் கடிதத்துடன் போலீஸ் நிலையம் சென்றபோது, அங்கிருந்தவர் வியந்து, “இதற்கா வந்தீர்கள்?” என்று கேட்டு எழுதிக்கொண்டாராம்.

அதன்பின் அவர் ஆட்டோக்காரரைத் தேடிச் சென்றார். அங்கேதான் தாம் அறியாத ஒன்றை அறிந்தார். வண்டி உரிமையாளர் கண்ணாடிக்கும் மட்கார்டுக்கும் ஆன தொகையை ஆட்டோக்காரரிடம் முன்னரே வாங்கிவிட்டார். ஆட்டோக்காரரோ, சந்தில் பந்தாடும் சிறுவர்களே உடைத்தனர் என்று கருதி, அவர்களுள் ஒருவனை அடித்தும் விட்டார். அன்பர் அத்தொகையைக் கொடுத்தார். ஆட்டோக்காரர் அதை வாங்கிக்கொண்டு, வெகுநேரம் பேசாது நின்று, பின் அச்சிறுவன் வீட்டை நோக்கி நடந்தாராம்.

தொகையைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. அச்சிறுவன் பட்ட அடியைத் திருப்பி எடுக்க முடியவில்லை. “யாரும் பார்க்கவில்லை” என்று நாம் ஆறுதல் கொள்ளும் அதே வேளையில், நாம் பார்க்காத ஒருவர் நமக்காகத் துன்புறுகின்றார். நான்காம் சீலத்தை ஓதும்போது அச்சிறுவனையும் நினைவிற் கொள்வோமாக.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. கைத்தவறும், அதனை மறைத்தலும் எவ்வாறு வேறுபடுகின்றன?

2. நம் பொருளுக்கு நேர்ந்த சேதத்தைச் சொல்லாதிருப்பதும், பிறர் பொருளுக்கு நேர்ந்ததைச் சொல்லாதிருப்பதும் ஒன்றா?

3. நம் வீட்டில் ஊழியம் செய்வோர் ஒரு தவற்றை நம்மிடம் அஞ்சாது கூறும்படி நாம் நடந்துகொள்கின்றோமா? அவர் மறைத்தால், அம்மறைப்பில் நம் கோபத்திற்கும் பங்குண்டா?